சுமையும் நிமிர்வும்

நுழையும்முன்

சுமக்கப் பிறந்தது மனித உடல். குழந்தையைத் தோளில் சுமக்கிறோம். குடத்தை இடுப்பில் சுமக்கிறோம். மூட்டையை முதுகில் சுமக்கிறோம். இத்தனை சுமைகளையும் தாங்கும் முதுகைப் பற்றி, அது வலிக்கும் நாள்வரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இளமையில் உடலை வலுவாக்க விரும்பிப் பளு தூக்குவோரும், குடும்பத்திற்காக வேலையிடத்தில் சுமை தூக்குவோரும் ஒரே முதுகெலும்பைத்தான் நம்பியிருக்கின்றனர். அந்த முதுகெலும்பின் அமைப்பையும், சுமை அதனை எவ்வாறு வலுவாக்குகிறது, எப்போது வருத்துகிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

மொழியில் வாழும் முதுகு

தமிழர் வழக்கில் முதுகு வெறும் உறுப்பன்று. உழவை நாட்டின் முதுகெலும்பு என்கிறோம். அஞ்சி ஓடுவதைப் புறமுதுகு காட்டுதல் என்கிறோம். கடும் உழைப்பை ‘இடுப்பொடிய உழைத்தல்’ என்கிறோம். அறத்தில் வழுவாதவரை ‘நிமிர்ந்து நிற்பவர்’ என்று போற்றுகிறோம். வலிமை, மானம், உழைப்பு ஆகிய மூன்றையும் மொழி முதுகின்மேல் ஏற்றி வைத்திருக்கிறது.

இம்மதிப்பிற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. இடுப்பு ஒடிவது உழைப்பின் அடையாளமாகவே கருதப்படும்போது, வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமையாகவும் வெளியில் சொல்வது பலவீனமாகவும் எண்ணப்படுகின்றன. ‘இந்த வயதில் முதுகுவலியா?’ என்ற கேலிக்கு அஞ்சி இளையோர் பலர் வலியை மறைக்கின்றனர். மறைக்கப்பட்ட வலி மறைந்துவிடுவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர். 2050ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 84.3 கோடியாக உயரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதரை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் வகிப்பது இவ்வலியே.

பின்னலாடை நகரின் சுமைகள்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகம் அறிந்த நகரம். 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகரானது. நூல், ஆடையாக மாறிக் கப்பலேறும்வரை பல கைகளைக் கடக்கிறது. பல முதுகுகளையும் கடக்கிறது. ஐம்பது கிலோவை எட்டும் நூல் மூட்டைகள் சரக்குந்திலிருந்து இறக்கப்படுகின்றன. பின்னல் எந்திரத்திலிருந்து வெளிவரும் துணி, சுருள் சுருளாகத் தோளேறுகிறது. சாயப்பட்டறையில் ஈரம் ஏறிய துணி இன்னும் கனக்கிறது. வெட்டும் மேசையில் கட்டிங் மாஸ்டர் குனிந்தபடி நிற்கிறார். பவர் டேபிளிலும் ஓவர்லாக் எந்திரத்திலும் தைப்பவர் முன்சாய்ந்து அமர்ந்திருக்கிறார். கைமடி வேலை செய்வோரும், பிசிறு வெட்டுவோரும், செக்கிங் பார்ப்போரும் ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கின்றனர். இறுதியில் அட்டைப்பெட்டிகள் மீண்டும் கைகளாலேயே வண்டி ஏற்றப்படுகின்றன. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. வேலை மிகும் காலங்களில் அது பன்னிரண்டு மணி நேரமாக, ‘ஒன்றரை ஷிப்டாக’ நீள்கிறது.

இந்நகரில் கல்லூரி மாணவர் பலருக்குப் பனியன் நிறுவனம் புதிய இடமன்று. பெற்றோர் உழைக்கும் இடம் அது. விடுமுறையிலும் மாலையிலும் மாணவர் சிலர் கட்டணத்திற்குப் பணம் சேர்க்கும் இடமும் அதுவே. அத்தகைய மாணவர் ஒருவரின் ஒருநாளை எண்ணிப் பார்க்கலாம். காலை முதல் வகுப்பறையில் கூன் விழ அமர்ந்திருக்கிறார். மாலையில் துணிச் சுருள்களைத் தோளில் ஏற்றி இறக்குகிறார். இரவு உடற்பயிற்சிக்கூடத்தில் நண்பர்களோடு போட்டியிட்டு இரும்புக் கம்பியில் எடைத்தட்டுகளைக் கூட்டுகிறார். அடுத்த நாள் காலை, செருப்பை மாட்டக் குனிகையில் இடுப்பில் ‘சுளீர்’ என்று ஒரு வலி. பயிற்சிக்கூடத்தின் மேல் பழி விழுகிறது. ‘இரும்பு தூக்கினால் இப்படித்தான்’ என்று வீட்டில் சொல்கின்றனர். உண்மையில் அந்த முதுகு, நாள் முழுதும் மூன்று வகைச் சுமைகளைத் தாங்கியிருக்கிறது. ஓய்வு மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை.

முதுகுத்தண்டின் கட்டமைப்பு

குழந்தைப் பருவத்தில் முதுகுத்தண்டில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 4 என அவை அமைகின்றன. வளர்ந்தபின் கடைசி இரு பகுதிகளின் எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால் எண்ணிக்கை பொதுவாக 26 ஆகிறது. பக்கவாட்டில் பார்த்தால் முதுகுத்தண்டு நேர்க்கோடு அன்று. மென்மையான வளைவுகளைக் கொண்டது. கழுத்தும் இடுப்பும் முன்னோக்கி வளைய, மார்புப்பகுதி பின்னோக்கி வளைகிறது. அதிர்வைப் பகிர்ந்து தாங்க இவ்வளைவுகள் உதவுகின்றன.

முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டுகள் உள்ளன. வட்டின் வெளிப்புறம், வெங்காயத்தின் தோல்போல் அடுக்கடுக்கான உறுதியான நார் வளையம். உட்புறம், நீர்ச்சத்து மிகுந்த கூழ் போன்ற மையம். இரவில் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பகலில் உடல் எடையால் நீர் மெல்ல வெளியேறுகிறது. காலையில் மனிதர் மாலையில் இருப்பதைவிடச் சற்று உயரமாக இருப்பதன் காரணம் இதுவே. விழித்தெழுந்த உடனே வட்டுகள் இறுக்கமாக இருப்பதால், அந்நேரத்தில் ஆழக் குனிந்து சுமை தூக்குவதைத் தவிர்ப்பது நலம்.

வளர்ந்தவரின் வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் பெரும்பாலும் இல்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊறிவரும் ஊட்டமே அவற்றிற்கு உணவு. உடல் அசையும்போது வட்டு அழுந்தி விரிகிறது. அந்த அசைவு ஊட்டப் பரிமாற்றத்திற்குத் துணைபுரிகிறது. அசையாத முதுகு பட்டினி கிடக்கும் முதுகு எனலாம்.

எலும்பும் வட்டும் மட்டும் முதுகை நிறுத்திவிடுவதில்லை. கூடாரத்தின் நடுக்கம்பத்தை நாற்புறக் கயிறுகள் இழுத்து நிறுத்துவதுபோல, முதுகின் நிமிர்த்தித் தசைகளும் வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் சேர்ந்து முதுகுத்தண்டை நிலைநிறுத்துகின்றன. கயிறு தளர்ந்தால் கம்பம் ஆடும். தசை தளர்ந்தால் முதுகு தன் சுமையை எலும்பிலும் வட்டிலும் இறக்கிவைக்கும்.

நெம்புகோல் சொல்லும் கணக்கு

ஒரே எடையை ஒருவர் எளிதாகத் தூக்குகிறார். மற்றொருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். வேறுபாடு வலிமையில் மட்டும் இல்லை, தொலைவிலும் உள்ளது. இயற்பியல் பாடத்தில் வரும் திருப்பு விசை இங்கே துணைக்கு வருகிறது.

20 கிலோ எடையுள்ள துணிச்சுருளை ஒருவர் கைகளை நீட்டித் தூக்குகிறார் எனக் கொள்வோம். சுருளின் மையம் இடுப்பு வட்டிலிருந்து 40 செ.மீ. முன்னால் உள்ளது. அதனைச் சமன்செய்ய வேண்டிய முதுகுத் தசையோ வட்டின் மையத்திற்கு ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் உள்ளது. சுமையின் தொலைவு தசையின் தொலைவைப்போல் எட்டு மடங்கு. எனவே தசை 20 கிலோவுக்கு அன்று, 160 கிலோ எடைக்கு இணையான விசையோடு இழுக்கவேண்டும். அந்த இழுவிசையும் சுமையின் எடையும் சேர்ந்து வட்டினை அழுத்துகின்றன. முன்சாய்ந்த மேலுடலின் எடை இதில் சேர்க்கப்படவில்லை. அதே சுருளை உடலோடு அணைத்து 20 செ.மீ. தொலைவில் வைத்துத் தூக்கினால் தசையின் விசை 80 கிலோவாகப் பாதியாகிறது. சுமை குறையவில்லை, அணைப்பு கூடியது, அவ்வளவே.

இக்கணக்கின் அடிப்படையில்தான் அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனம் ஒரு வாய்பாட்டை வகுத்துள்ளது. எல்லாச் சூழலும் நன்றாக அமைந்தபோது, பணியிடத்தில் இரு கைகளால் தூக்கத்தக்க எடைக்கு 23 கிலோவை அது உச்சவரம்பாகக் கொள்கிறது. சுமை உடலிலிருந்து 25 செ.மீ.க்கு மேல் விலக விலக இவ்வரம்பு குறைகிறது. 40 செ.மீ. தொலைவில் அது ஏறத்தாழ 14 கிலோ ஆகிவிடுகிறது. உடலைத் திருப்பித் தூக்கினாலும், அடிக்கடி தூக்கினாலும், பிடிமானம் சரியாக இல்லாவிட்டாலும் இன்னும் குறைகிறது. மேற்சொன்ன துணிச்சுருள் எடையால் ‘சிறியது’ எனத் தோன்றினாலும், நீட்டிய கைகளில் அது வரம்பைக் கடந்துவிட்டது.

தெரியுமா?

கைகளைத் தலைக்குமேல் உயர்த்தும் ‘பிரஸ்’ என்னும் முறையும் ஒருகாலத்தில் ஒலிம்பிக் பளுதூக்குதலில் இருந்தது. வீரர்கள் கூடுதல் எடையைத் தூக்க முதுகை மிகுதியாகப் பின்னோக்கி வளைக்கத் தொடங்கினர். எது முறையான தூக்கல் என்று தீர்மானிப்பது நடுவர்களுக்கு அரிதாயிற்று. கீழ்முதுகிற்குத் தீங்கு நேரும் என்ற அச்சமும் எழுந்தது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப்பின் அம்முறை போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

இளவட்டக்கல் முதல் ஒலிம்பிக் வரை

பளுதூக்குதல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. ஊர்ப் பொதுவிடங்களில் கிடந்த உருண்டையான இளவட்டக்கல், இளைஞரின் வலிமைக்கு அளவுகோலாக இருந்தது. மணமகனாகும் தகுதிக்கும் அதனைச் சான்றாகக் கொண்ட ஊர்கள் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது. பெண்களும் அதில் பங்கேற்கின்றனர். கல்லைத் தூக்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால் நெம்புகோல் கணக்கு அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். கால்களை மடக்கி அமர்ந்து, கல்லைத் தொடைமீது ஏற்றி, மார்போடு அணைத்து, பிறகு எழுந்து தோளுக்கு உருட்டுவர். படிப்படியாகவும் உடலை ஒட்டியும் சுமை ஏறுகிறது.

நவீன ஒலிம்பிக்கின் முதல் போட்டியான 1896ஆம் ஆண்டு ஏதென்சிலேயே பளுதூக்குதல் இடம்பெற்றது. பெண்களுக்கு அவ்வாய்ப்பு 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் கிடைத்தது. அவ்வாண்டே கர்ணம் மல்லேசுவரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இன்றைய போட்டிகளில் இரு முறைகள் உள்ளன. தரையிலிருந்து ஒரே இயக்கத்தில் தலைக்குமேல் உயர்த்துவது ‘ஸ்னாட்ச்’. முதலில் தோளுக்கும் பின்னர்த் தலைக்குமேலும் உயர்த்துவது ‘கிளீன் அண்டு ஜெர்க்’. இரண்டிலும் தேர்ந்த வீரரின் கம்பி உடலைவிட்டு விலகுவதில்லை. முழங்காலையும் தொடையையும் ஏறத்தாழ உரசிக்கொண்டே மேலேறுகிறது.

வேலூரை அடுத்த சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், பளுதூக்கும் வீரராக விளங்கிய தந்தையின் வழியில் இக்கலைக்கு வந்தவர். 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப்பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018ஆம் ஆண்டு கோல்டுகோஸ்ட்டில் மீண்டும் தங்கம். அப்போது அவர் தூக்கியது 317 கிலோ. தேசியப் போட்டியில் 194 கிலோவை உயர்த்த முயன்றபோது தொடையில் ஏற்பட்ட காயம் முழுதும் ஆறாத நிலையில் அவர் அங்கே களமிறங்கினார். உடல் தரும் செய்திக்கேற்பச் சுமையைக் குறைத்துக்கொண்டும் வெற்றி பெறலாம் என்பதற்கு அந்தத் தங்கம் சான்று.

வீழ்த்தாத வலி

கீழ்முதுகு வலியையே எதிர்கொண்டு மீண்டவர் மணிப்பூரின் மீராபாய் சானு. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்டு ஜெர்க்கின் மூன்று முயற்சிகளும் தோற்றன. 2017ஆம் ஆண்டில் 194 கிலோ தூக்கி உலக வாகையரானார். 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் காமன்வெல்த் தங்கம் வென்றார். புகழின் உச்சியில் இருந்த அந்த ஆண்டிலேயே கீழ்முதுகு வலி அவரைத் தாக்கியது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் உறுதி என்று நாடே எதிர்பார்த்திருந்தது. அவர் அப்போட்டியிலிருந்து விலகினார்.

அந்த முடிவு எளிதானதன்று. ஆயினும் வலியோடு ஒரு பதக்கத்தை வெல்வதைக் காட்டிலும், வலியின் காரணத்தை அறிந்து களைவதே முதன்மை என்று கொள்ளப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அவர் மீண்டும் களம் கண்டார். தோள், முதுகு ஆகியவற்றின் தொல்லைக்காக 2020ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று இயன்முறைப் பயிற்சி பெற்றார். 2021 சூலை 24 அன்று டோக்கியோவில் 49 கிலோ எடைப்பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளிப்பதக்கம் வென்றார். ஓய்வு அவரது பயணத்தை முடிக்கவில்லை, நீட்டித்தது.

பளுதூக்குவோரிடையே கீழ்முதுகு, முழங்கால், தோள் ஆகிய இடங்களில் காயங்கள் மிகுதியாகத் தோன்றுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் பயிற்சி நேரத்தோடு ஒப்பிட்டால், ஒருவரோடு ஒருவர் மோதாத பிற விளையாட்டுகளில் நேரும் காயங்களை ஒத்த அளவிலேயே அவை உள்ளன. தேர்ந்த பயிற்றுநரின் கண்காணிப்பில் செய்யும் பளுப்பயிற்சி எலும்பை வலுவாக்குகிறது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் ஓல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே விளக்கினார். எலும்பின் வலிமைச் சேமிப்பு பெரும்பாலும் முப்பது வயதிற்குள் நிறைவடைவதால் இளமைக்காலப் பயிற்சி இன்றியமையாதது.

அப்படியாயின் வலி ஏன் வருகிறது? உடல் ஆயத்தமாகும் வேகத்தைக் காட்டிலும் சுமை ஏறும் வேகம் மிகும்போது வருகிறது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். நாணும் எலும்பும் அதற்கு மாதங்கள் எடுத்துக்கொள்ளும். தசையின் துணிவை மட்டும் நம்பி எடையைக் கூட்டுபவர் எலும்பின் பொறுமையைச் சோதிக்கிறார். இளம் பளுதூக்குநருக்கும் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கும், முதுகைத் திரும்பத் திரும்பப் பின்வளைப்பதால், இடுப்பு முள்ளெலும்பில் நுண்ணிய விரிசல் தோன்றுவதுண்டு. சில வாரங்களாக நீங்காத வலியை இளையோர் அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

நம்பிக்கையும் உண்மையும்

‘முதுகு வலித்தால் படுத்தே கிடக்கவேண்டும்’ என்பது பழைய நம்பிக்கை. கீழ்முதுகு வலியில் பெரும்பகுதி, குறிப்பிட்ட ஒரு நோயால் வருவதன்று. சில வாரங்களில் தணியக்கூடியது. நீண்ட படுக்கை தசையை மெலியச் செய்து குணமாவதைத் தாமதமாக்கும். வலி பொறுக்கும் அளவில் நடப்பதும் அன்றாட வேலைகளைச் செய்வதும் நலம் பயக்கும்.

‘இடுப்புப் பட்டை கட்டினால் எவ்வளவும் தூக்கலாம்’ என்பது மற்றொன்று. பட்டை, வயிற்றை அழுத்தி முதுகிற்குத் துணைநிற்கும். தவறான முறையைச் சரியாக்காது. வலுவற்ற தசைக்கு மாற்றாகவும் ஆகாது.

‘படமெடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்’ என்றும் எண்ணுவர். வலியே இல்லாத இருபது வயதினரைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் 37 விழுக்காட்டினரின் வட்டுகளில் தேய்மான அடையாளங்கள் காணப்பட்டன. தேய்மானம் என்ற ஒரு சொல்லைக் கேட்டு வாழ்க்கையே முடிந்ததாகக் கலங்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

காலால் பிறந்தவரைக் கொண்டு இடுப்பை மிதிக்கச் செய்தால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கையும் ஊர்களில் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல், வட்டு பிதுங்கியிருக்கும் முதுகிற்கும் எலும்பில் விரிசல் கண்ட முதுகிற்கும் தீங்காக முடியலாம்.

காக்கும் நெறிகள்

உடற்பயிற்சிக்கூடத்திற்கும் வேலையிடத்திற்கும் பொதுவான நெறிகள் சில உள்ளன.

சுமையை நெருங்கி நின்று, கால்களைத் தோளளவு அகற்றி, இடுப்பையும் முழங்காலையும் மடக்கவேண்டும். முதுகின் இயல்பான வளைவு மாறாமல், வயிற்றை இறுக்கி, சுமையை உடலோடு ஒட்டித் தூக்கவேண்டும். திரும்பவேண்டுமாயின் இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்பவேண்டும். தூக்குமுன் எடையை அசைத்துப் பார்த்து, தனியொருவரால் ஆகுமா என்று முடிவு செய்யவேண்டும். துணைக்கு ஒருவரை அழைப்பது இழுக்கன்று.

பயிற்சிக்கு முன் உடலை வெதுப்பிக்கொள்ளவேண்டும். முதலில் வெறுங்கம்பியில் முறையைக் கற்று, பின்னரே எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். களைப்பில் முறை குலையும்போது அன்றைய பயிற்சியை நிறுத்திவிடவேண்டும். வேலையிடத்தில் நாள் முழுதும் சுமை தூக்கியவர், அந்த உழைப்பையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்து, அன்றிரவு பளுவைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. நெடுநேரம் குனிந்து அமர்ந்திருந்தவர் எழுந்த உடனே சுமையைத் தொடாமல், சில நிமிடங்கள் நடந்து முதுகை நிமிர்த்திக்கொள்ளவேண்டும். உறக்கமும் போதிய உணவும் பயிற்சியின் பகுதிகளே.

மருத்துவரை நாடவேண்டிய அறிகுறிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், விழுந்தபின் தோன்றும் கடும்வலி ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தலாகாது. சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த இயலாமை, தொடைகளின் உட்பகுதி மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

யாருடைய பொறுப்பு?

விளையாட்டு வீரர் தாம் தூக்கும் எடையைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். வலித்தால் இறக்கிவைக்கிறார், அவருக்குப் பயிற்றுநரும் ஓய்வுநாளும் உண்டு. சுமை தூக்கும் தொழிலாளிக்கு எடையை வண்டியும் நேரத்தை ஷிப்டும் தீர்மானிக்கின்றன. ஒரே நெம்புகோல் விதி இருவரையும் ஆள்கிறது. ஆயினும் அதனை மாற்றியமைக்கும் உரிமை இருவருக்கும் ஒன்றாக இல்லை.

ஆகவேதான் சட்டம் இதில் தலையிட்டது. தீங்கு விளைவிக்கத்தக்க அளவு கனமான சுமையைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ எவரையும் பணிக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 34ஆம் பிரிவில் வகுத்தது. கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை வழங்கவேண்டும் என்று தமிழ்நாடு 2021ஆம் ஆண்டில் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. தள்ளுவண்டி, முழங்கால் உயரத்திலிருந்து எடுக்கத்தக்க அடுக்குப் பலகை, உயரத்தை மாற்றத்தக்க இருக்கை, சிறு இடைவேளை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. ஆனால் அவை ஒரு தொழிலாளியின் உழைக்கும் ஆண்டுகளைக் கூட்டக்கூடியவை.

இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போர் நாளை வீரராகலாம், மேற்பார்வையாளராகலாம், தொழில்முனைவோராகலாம். தம் முதுகைக் காக்கக் கற்றவர், தம் பொறுப்பில் இருக்கும் பிறரின் முதுகையும் எண்ணிப் பார்க்கும்போதுதான் அக்கல்வி முழுமை பெறும். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். சுமையைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும் நிமிர்வன்று. சுமையின்கீழ் நொறுங்கும்வரை வாய்மூடி நிற்பதும் நிமிர்வன்று. சுமையை அளந்து, அணைத்து, உரிய நேரத்தில் இறக்கிவைக்கத் தெரிந்திருப்பதே நிமிர்வு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் சுமை தூக்கும் ஒருவர் வேலை செய்யும் முறையை உற்றுநோக்கி, சுமை உடலிலிருந்து விலகியிருக்கும் இடங்களைக் குறித்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. முதுகு, இடுப்பு, தோள் ஆகிய சொற்கள் இடம்பெறும் மரபுத்தொடர்களைத் தொகுத்து, அவை உழைப்பைப் பற்றிக் கூறும் கருத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘வலியைப் பொறுத்துக்கொள்வதே வீரம்’ என்னும் தலைப்பில் சார்ந்தும் மறுத்தும் சொற்போர் நிகழ்த்துக.